வலைக்குள்ள படுத்தும் கடி குறையல்ல: எந்தப் பூச்சி எப்ப, எப்படி ரத்தம் குடிக்குது?

களுதாவளை வெற்றிலை
மாரி மழை கொஞ்சம் விட்ட நாளில இருந்து எங்கட பக்கம் நுளம்புக் கடி தாங்க ஏலாம இரிக்கி. ராவில வலை கட்டித்தான் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறன், திரியும் கொளுத்துறன். அப்படியிருந்தும் சின்னவன்ட காலெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்திரிக்கு. பக்கத்து ஒழுங்கையில ஒரு பிள்ளை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்து வந்ததால பயமாக் கிடக்கு. வலைக்குள்ள படுக்கிற பிள்ளைக்கு எங்க வச்சுக் கடிக்குது? என்னையும் அவரையும் விட்டுப்போட்டு அவனை மட்டும் ஏன் தேடிக் கடிக்குது? புகையடிக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாச் சரிவருமா? தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்க.

படுவான்கரைப் பட்டி
இனிப்பு ரத்தம் உள்ள ஆக்களைத்தான் நுளம்பு தேடும் எண்டு அம்மம்மா சொல்லுவா அக்கா. உண்மையோ தெரியா. சேர் வந்தா விளக்கமாச் சொல்லுவார்.

உயிரியல் சேர்
தங்கச்சி, உங்கட மகனைக் கடிக்கிறது பகல் நுளம்பு. டெங்கு பரப்புற ஈடிஸ், விடிஞ்சாப்பிறகு சில மணித்தியாலமும் பின்னேரம் பொழுதுபடுறதுக்கு முன்னமும்தான் கூடக் கடிக்கும். பிள்ளை பள்ளிக்கு வெளிக்கிடுற நேரமும், வந்து மேசைக்குக் கீழ காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுற நேரமும் அதுதான். பதிஞ்சு பறந்து கணுக்காலைத் தேடும். ஆள் அசைஞ்சா விலகிப்போய்த் திரும்ப வரும். ராவில காதுக்குள்ள ரீங்காரம் போடுறது பெரும்பாலும் கியூலெக்ஸ். காணிலயும் மலகூடக் குழியிலயும் அழுக்குத் தண்ணியில பெருகுற சாதி. உங்கட வலையும் திரியும் அதைத்தான் மறிக்குது. வலையை விட்டுடாதீங்க, பகலுக்கும் ஏதாவது செய்யுங்க எண்டுதான் சொல்லுறன்.

அம்மம்மாட கதைக்கு வருவம். ரத்தத்தின்ட இனிப்பு நுளம்புக்குத் தெரிய வழியில்லை, ஏனெண்டா குத்துறதுக்கு முன்னமே அது ஆளைத் தெரிஞ்செடுத்துடும். நாம மூச்சில விடுற காபனீரொட்சைட்டைத் தூரத்திலயே பிடிச்சுக்கொண்டு வரும். கிட்ட வந்தாப்போல உடல் சூடு, வியர்வை மணம், உடுப்பின்ட கறுப்பு, சிவப்பு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கும். ஒரே வீட்டில ஒருத்தரை மட்டும் கூடக் கடிக்கிறதும் உண்மைதான். 2022ல நியூயோர்க்கில உள்ள றொக்பெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினது என்னெண்டா, தோலில காபொட்சிலிக் அமிலங்கள் எண்ட மணப்பொருள்கள் கூடுதலா ஊறுற ஆக்களை ஈடிஸ் நுளம்பு திரும்பத் திரும்பத் தேடி வருது. அந்த மணம் ஆளுக்கு ஆள் வித்தியாசம், வருசக்கணக்கா மாறாம இருக்கும். கர்ப்பிணிகளையும் கூடத் தேடும். மூச்சு, உடல் சூடு ரெண்டும் அவங்களுக்குக் கூட.

கையில இருந்து குடிக்கிற நுளம்பை அடிக்காம ஒருக்கா உற்றுப் பாருங்க. வெளியில நமக்குத் தெரியுற தடிச்ச ஊசி தோலுக்குள்ள போகாது. அது வெறும் உறை. நுளம்பு அமத்த அமத்த அந்த உறை பின்னால வளைஞ்சு மடியும். உள்ளுக்குப் போறது தலைமயிரை விட மெல்லிய ஆறு ஊசிகள். பல்லுவச்ச ரெண்டு ஊசி தோலை அறுத்து இறங்கும், ரெண்டு வெட்டின இடத்தைத் திறந்து பிடிக்கும், ஒண்டு ரத்தம் இழுக்கிற குழாய், மற்றது உமிழ்நீரை உள்ள விடுற குழாய். அந்தக் கற்றை தோலுக்குக் கீழ இங்கயும் அங்கயும் வளைஞ்சு ரத்தக் குழாயைத் தேடும். உமிழ்நீர்தான் ரத்தம் உறையாமலும் குழாய் சுருங்காமலும் பார்த்துக்கொள்ளுது. நமக்குச் சொறியிறதும் அந்த உமிழ்நீரை உடம்பு எதிர்க்கிறதால. டெங்கு வைரசு உள்ள வாறதும் அதோடதான். ஒண்டு ரெண்டு நிமிசத்தில வயிறு சிவந்து வீங்கி, கிட்டத்தட்டத் தன்ட நிறை அளவுக்குக் குடிச்சிட்டு எழும்பும்.

இவ்வளவு பாடும் முட்டைக்காக. உயிர்வாழத் தேவையான சக்தியை ஆணும் பெண்ணும் பூந்தேனிலயும் பழச்சாறிலயும் எடுத்துக்கொள்ளும். முட்டை கட்டப் புரதம் வேணும் எண்டதால பெண் மட்டும் கடிக்குது. ஒருதரம் வயிறு நிறையக் குடிச்சா நூறு முட்டையளவில இடும். இதில ஈடிஸுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஒரே ஆளில முழுக்கக் குடிக்காது. கொஞ்சம் உங்களில, கொஞ்சம் பிள்ளையில, மிச்சம் அடுத்த வீட்டில. ஒரு வீட்டில ஒருத்தருக்கு டெங்கு வந்தா ரெண்டு மூண்டு பேர் விழுறதுக்கு அதுவும் காரணம்.

புகையைப் பற்றிக் கேட்டீங்க. புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், அதுவும் பட்டாத்தான். ஈடிஸ் குடிச்சிட்டுக் கட்டிலுக்குக் கீழ, கொழுவியிருக்கிற உடுப்புக்குப் பின்னால, இருட்டான மூலையில ஒளிச்சிருக்கும். ரோட்டில அடிக்கிற புகை அங்க எட்டாது. முட்டையோ பாத்திரத்தின்ட உள் சுவரில, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணி வத்தினாலும் மாசக்கணக்கா உயிரோட இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால தண்ணியை ஊத்தினாப் போதாது, உள் சுவரைத் தும்பால தேய்ச்சுக் கழுவோணும்.

அக்கரைப்பற்று மிஸ்ஸி
சேர் சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன், ஏனெண்டா வார்டில நாங்க ஒவ்வொரு மாரிக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறம். நுளம்பு பிறக்கேக்க டெங்குவோட பிறக்கிறது மிச்சம் குறைவு. காய்ச்சல்காரரைக் கடிச்சுத்தான் வைரசை எடுக்குது. எடுத்த உடன பரப்பவும் ஏலாது. குடலில பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர 8 தொடக்கம் 12 நாள் வரைக்கும் போகும். அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் கடிக்கிற ஆக்களுக்கெல்லாம் குடுக்கும். அதனால காய்ச்சல் வந்த ஆளைப் பகலிலயும் வலைக்குள்ள படுக்க வைங்க. எல்லாரும் ராவைக்கு மட்டும் வலை போடுறாங்க. காய்ச்சல்காரருக்குப் பகல் வலைதான் முக்கியம், அது மற்றப் பிள்ளைகளுக்குப் போடுற வேலி.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் குடுங்க. அஸ்பிரின், புறூபன் குடுக்க வேணாம், ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விடுற நாள்தான் பயமான நாள். வயித்துக்குத்து, விடாத சத்தி, கைகால் குளிர்ந்து சோர்ந்து போறது, சிறுநீர் குறையிறது எதைக் கண்டாலும் உடன கொண்டு ஓடுங்க. 2017ல நாட்டில ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு எண்டு பதிவாகினது. அந்த வருசம் வார்டில நிலத்தில பாய் போட்டும் ஆக்கள் கிடந்தாங்க. அதைக் கண்ட நான் இதைச் சும்மா சொல்லல்ல.

வாவிக்கரை
சேர், எனக்கு ஒரு சந்தேகம். எங்கட வீடு வாவியோட ஒட்டி. கிணத்துத் தண்ணியும் சவர், வாடிக்குப் பக்கத்தில பழைய தோணி ரெண்டு கவிழ்க்காம கிடக்கு. அதுக்குள்ள நிக்கிற தண்ணி உப்பு கலந்தது. ஈடிஸ் நல்ல தண்ணியிலதான் பெருகும் எண்டு நோட்டிசில போட்டிருக்கு. அப்ப எங்களுக்குப் பயமில்லைத்தானே?

உயிரியல் சேர்
தம்பி, பயம் இரிக்கி. அந்த நோட்டிஸ் பழைய அறிவை வச்சு எழுதினது. யாழ்ப்பாணத்திலயும் நம்மட மட்டக்களப்பிலயும் கரையோரத்தில தேடிப் பார்த்து 2011ல வெளியிட்ட ஆய்வில, டெங்கு பரப்புற ஈடிஸின்ட ரெண்டு இனமும் சவர்த் தண்ணியில குடம்பியாகவும் கூட்டுப்புழுவாகவும் இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. லீற்றருக்கு 15 கிராம் உப்பு வரைக்கும் உள்ள தண்ணி அது. கடல் தண்ணியில 35 கிராம். எங்க கண்டாங்க தெரியுமா? கைவிட்ட தோணி, பாவிக்காத கிணறு, எறிஞ்ச பிளாஸ்ரிக், கண்ணாடிச் சாமான். நீங்க சொல்லுற அதே இடங்கள். நல்ல தண்ணிப் பாத்திரங்களை மட்டும் தேடித்தேடிக் கவிழ்த்துப்போட்டு வாவிக்கரையை விட்டா, நுளம்பு அங்க நிம்மதியாப் பெருகும். தோணியை இண்டைக்கே கவிழ்த்து வைங்க. கிணறு பாவிக்கிறதில்லை எண்டா நுளம்பு போகாத மாதிரி வலையால மூடிக் கட்டுங்க.

வாவியில ஆற்றுவாழை அடைச்சுக் கிடக்கிற இடம் பக்கத்தில இருந்தா அதையும் கவனியுங்க. மான்சோனியா எண்டொரு நுளம்பு. அதின்ட குடம்பி மற்றதுகளைப் போல மூச்சுக்கு மேல வராது. ஆற்றுவாழை வேருக்குள்ள தன்ட குழாயைக் குத்தி, வேருக்குள்ள இருக்கிற காற்றை எடுத்துக்கொண்டு அடியிலயே கிடக்கும். அதனால தண்ணியில மேலால எண்ணெய் விட்டாலும் சாகாது. பொழுதுபடேக்க வெளியில இருக்கிற ஆக்களை முரட்டுத்தனமாக் கடிக்கிற பெரிய நுளம்பு அது. செடியை அள்ளினாத்தான் குறையும்.

வாவிக்கரை
அந்தப் பெரிய நுளம்பு எங்களுக்கு நல்ல பழக்கம் சேர். மீன்வலை சீர்பண்ணுற நேரம் சாரனுக்கு மேலாலயே குத்தும். தோணியைப் பொடியன்மாரோட சேர்ந்து கவிழ்க்கிறன்.

பழைய மருந்தடிகாரன்
சேருக்கு வணக்கம். அம்பாறைப் பக்கம் மலேரியா இயக்கத்தில வீடு வீடா மருந்தடிச்ச ஆள் நான். நுளம்பின்ட சாப்பாட்டுப் பழக்கம் தெரிஞ்சா என்ன செய்யலாம் எண்டதுக்கு மலேரியாவை விடச் சாட்சி வேற இல்லை எண்டு நினைக்கிறன், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

நம்மட நாட்டில மலேரியாவை முக்கியமாப் பரப்பினது அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். சுவரில இருக்கேக்க பின்பக்கத்தைத் தூக்கிச் சரிவா இருக்கும், அதை வச்சே அனோபிலிஸ் சாதி எண்டு சொல்லிப்போடலாம். வெயில் படுற தெளிந்த தண்ணியில பெருகும். ஆறு வத்தி மணலில குட்டை குட்டையாத் தண்ணி தேங்கினா அதுக்கு நல்ல காலம். 1934, 35 கொள்ளைநோய் மழை பொய்த்து ஆறு வத்தின காலத்தில வந்தது. எண்பதினாயிரம் பேரளவில செத்துப்போனாங்க.

இந்த நுளம்பு ராவில மனிசனையும் மாட்டையும் குடிக்கும். குடிச்ச உடன தூரப் பறக்க ஏலாது, வயிறு பாரம். பக்கத்துச் சுவரில போய்க் குந்தி, ரத்தத்தில உள்ள தண்ணியை வெளியில விட்டுக் குறைக்கும். அந்தச் சுவர்தான் எங்கட குறி. 1946ல இருந்து நாடு முழுக்க வீட்டுச் சுவருக்கு டிடிரி எண்ட பூச்சிமருந்து அடிச்சாங்க. காற்றில அடிக்கல்ல, காணில ஊத்தல்ல. குடிச்ச நுளம்பு வந்து குந்துற இடத்தில அடிச்சது. 1963ல நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. பிறகு அடிக்கிறதை நிப்பாட்டினாங்க, 1968, 69ல லட்சக்கணக்கில திரும்பி வந்துது. நான் சேர்ந்த காலத்தில டிடிரிக்கு நுளம்பு சாகாது, மலத்தியோன் எண்ட வேற மருந்து அடிச்சம், அதின்ட நாற்றத்துக்குச் சனம் ஏசும். பிறகு மருந்து தோய்ச்ச வலை வந்துது. சான்று கிடைக்க முன்னம் உள்ளூரில தொத்தின கடைசி ஆளைக் கண்டது 2012ல. 2016 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு எண்டு சான்று தந்துது.

ஆனா நுளம்பு அப்படியே இரிக்கி. வெளிநாட்டில இருந்து மலேரியாவோட ஆக்களும் வாறாங்க. 2016 கடைசியில மன்னாரில அனோபிலிஸ் ஸ்டெபென்சி எண்ட புது நுளம்பையும் கண்டாங்க, அது ஊருக்குள்ள கிணறு தாங்கியில பெருகிற சாதி. ஆபிரிக்கா, இந்தியா போய் வந்த ஆக்கள் காய்ச்சல் கண்டா டெங்குவோட சேர்த்து மலேரியாவுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. மறந்துபோன நோய் எண்டு டொக்டர்மாருக்கும் நினைவு வராமல் போகலாம்.

படுவான்கரைப் பட்டி
ஐயா எழுதினதை வாப்பா, அப்பா காலத்து ஆக்கள் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டோணும். எங்கட பிரச்சினை மாடு. பட்டியில மாலையானா மாடு நிலையில நிக்காது, காலைத் தூக்கித் தூக்கி அடிக்கும். மாட்டிலையான்தான் எண்டு புகை போடுறம். புகை அடங்கினாத் திரும்ப வருகுது. பெரிய ஈ ஒண்டும் இரிக்கி, குத்தினா மாட்டில ரத்தம் வழியும். ரெண்டும் ஒண்டா?

உயிரியல் சேர்
ரெண்டும் வேற வேற தம்பி. கால் அடிக்கிறது பார்க்க வீட்டு இலையான் மாதிரியே இருக்கிற கடியிலையானால. தலைக்கு முன்னால கறுப்பா ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். வீட்டு இலையானுக்கு அது இல்லை. இதில ஆணும் பெண்ணும் ரெண்டும் ரத்தம் குடிக்கும். மாட்டின்ட முன்னங்கால், கீழ்ப்பக்கம்தான் விரும்புற இடம். குடிச்சு முடிஞ்சதும் வேலிக்கம்பு, மரம், சுவரில போய் இருந்து சமிபாட்டை முடிக்கும். எங்க பிறக்குது எண்டு தெரிஞ்சாப் புகையை விட நல்ல வழி கிடைக்கும். மாட்டு மூத்திரமும் சாணியும் சேர்ந்து ஊறின வைக்கோல். பட்டியின்ட ஓரத்தில கிடந்து அழுகுற அந்த வைக்கோலுக்குள்ளதான் அதின்ட புழு வளருது. அதைக் கிண்டிப் பரவிக் காயவிட்டா, இல்லாட்டி வயலுக்கு ஏத்தினா, புகை போடுற தேவையே பாதி குறையும்.

பெரிய ஈ பெண் மட்டும் கடிக்கிற சாதி. இதுக்கு ஊசி இல்லை, கத்தி. தோலை வெட்டிக் கிழிச்சு, ஊறி வாற ரத்தத்தை நக்கும். அதாலதான் நோகுது, அதாலதான் மாடு வாலால அடிச்சுக் கலைக்குது. கலைஞ்ச ஈ பாதி வயிறோட அடுத்த மாட்டில போய் இருக்கும், வாயில பழைய ரத்தம் ஈரமாவே இருக்கும். நோய் அப்படியே கைமாறும். எருமைக்கும் மாட்டுக்கும் வாற சர்ரா நோய் பரவுறது இந்த வழியில. 2020க்குப் பிறகு நம்ம நாட்டில மாடுகளை உருக்குலைச்ச தோல் கழலை நோயையும் கடிக்கிற ஈயும் நுளம்பும் இப்படிக் காவுது. கழலை வந்த மாட்டைப் பட்டியில இருந்து தூரக் கட்டுங்க. உண்ணியையும் கேட்பீங்க எண்டு தெரியும். அது பூச்சியினம் இல்லை, வளர்ந்ததுக்கு எட்டுக் கால். நாள்கணக்கா ஒட்டிக்கொண்டு குடிக்கும். அதைப் பிறகு தனியா எழுதுறன்.

காத்தான்குடி நானா
அஸ்ஸலாமு அலைக்கும் சேர். எங்கட வீட்டில விடியச்சாமம் கடிக்குது, வலைக்குள்ளதான். காலையில கையில வரிசையா மூண்டு நாலு தடிப்பு. மெத்தையின்ட தையலுக்குள்ள பார்த்தன், கறுப்புப் புள்ளி புள்ளியாக் கிடக்கு. மூட்டைப்பூச்சிதான். பயணம் போய் வந்த பெட்டியில வந்திருக்கும் போல. கடையில வாங்கின ஸ்பிறே அடிச்சும் சாகல்ல. அந்த அறையைப் பூட்டிப்போட்டு ஒரு மாசம் வேற அறையில படுத்தாப் பட்டினியில செத்துப்போகுமா?

உயிரியல் சேர்
வஅலைக்கும் ஸலாம் நானா. சாகாது. மூட்டைப்பூச்சி ரத்தம் இல்லாம மாசக்கணக்காத் தாக்குப் பிடிக்கும். ஆக்கள் வேற அறைக்கு மாறினா, பசிச்சதுகள் சுவர் வெடிப்பால அங்கயும் தேடி வரும். இருக்கிற இடத்திலயே இருந்து அடிக்கிறதுதான் நல்லம்.

நுளம்பு மாதிரி இதுக்குத் தேனும் இல்லை, பழச்சாறும் இல்லை. பிறந்ததில இருந்து ரத்தம் மட்டும்தான் சாப்பாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் குஞ்சுக்கும். குஞ்சு ஐந்து தரம் தோல் கழட்டி வளரும், ஒவ்வொருதரம் கழட்டவும் ஒருதரம் வயிறு நிறையக் குடிக்கோணும். ரத்தத்தில பி வகை விற்றமின் குறைவு, அதை அதின்ட உடம்புக்குள்ள குடியிருக்கிற ஒரு பக்ரீரியா செய்து குடுக்குது. குடிக்க ஐந்து, பத்து நிமிசம் எடுக்கும். உமிழ்நீர் வலியைத் தெரியவிடாது, அதனால ஆள் முழிக்கிறதில்லை. ஆறுதலான விசயம் ஒண்டு: மனிசருக்கு நோய் பரப்பினதா நிரூபணம் இல்லை.

ஸ்பிறே சரிவராததுக்குக் காரணம், நம்மட வெப்பநாட்டு மூட்டைப்பூச்சிக்கு அந்த மருந்து பழகிப்போச்சு. சூடு மட்டும் இன்னும் பழகல்ல. 50 பாகைக்கு மேல போனா முட்டையும் சேர்ந்து செத்துப்போகும். விரிப்பு, தலையணை உறை, உடுப்பு எல்லாத்தையும் கொதிதண்ணியில ஊறவைங்க. பலகைக் கட்டிலைக் கழட்டி, பூட்டுவாய்க்குள்ளயும் வெடிப்புக்குள்ளயும் கொதிதண்ணி விடுங்க. தோய்க்க ஏலாத சாமானைச் சின்னச் சின்னக் கறுப்புப் பொலித்தீன் பையில கட்டி உச்சி வெயிலில வைங்க, நடுவரைக்கும் சூடேறோணும். தவறின முட்டை பொரிக்கும், அதனால ரெண்டு கிழமைக்குள்ள திரும்ப ஒருக்காச் செய்யோணும். மண்ணெண்ணெய் மட்டும் ஊத்த வேணாம், மெத்தையோட வீடு எரிஞ்ச கதைகள் இரிக்கி.

களுதாவளை வெற்றிலை
சேர் சொன்ன பிறகு தண்ணி தேங்குற இடமெல்லாம் தேடி, குளிரூட்டிப் பெட்டிக்குப் பின்னால இருக்கிற தட்டை இழுத்துப் பார்த்தன். குடம்பி நெளியுது! அதுக்குள்ள தண்ணி நிக்குது எண்டே தெரியாமத்தான் இவ்வளவு நாளும் முத்தத்தைக் கூட்டிக்கொண்டு இருந்திரிக்கன். தேய்ச்சுக் கழுவிக் காயவச்சாச்சு. மிஸ்ஸி அக்கா, மகளுக்குத் தலையில பேன். கடையில விக்கிற மருந்து போட்டன், ரெண்டாம் கிழமை திரும்ப வந்திட்டுது. மெத்தை, தலையணையெல்லாம் எறியோணுமா?

அக்கரைப்பற்று மிஸ்ஸி
எறிய வேணாம் கா. பேன் தலையை விட்டு விழுந்தா ஒரு நாள், ரெண்டு நாளில செத்துடும். ஒரு நாளைக்குப் பலதரம் குடிக்கோணும் அதுக்கு, மூட்டைப்பூச்சி மாதிரிப் பசி தாங்காது. தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. தலையோட தலை முட்டினாத்தான் ஏறும், பள்ளிக்கூடத்தில அதுதான் நடக்குது. மருந்து பேனைக் கொன்டாலும் ஈர் தப்பிடும். ஏழு தொடக்கம் பத்து நாளைக்குள்ள அது பொரிக்கிறதால, அந்த நேரத்துக்கு ரெண்டாந்தரம் மருந்து போடோணும். நீங்க ஒருதரத்தோட விட்டிருப்பீங்க. ஈரத் தலையில கண்டிசனர் பூசி, நெருக்கமான பேன் சீப்பால அடிமயிரில இருந்து நுனிவரைக்கும் இழுத்து, ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. வீட்டில எல்லாற்ற தலையையும் பார்க்கோணும், உங்கட தலையையும்.

கல்முனை திரும்பினவன்
இதோட நானும் ஒண்டு கேக்கிறன். வெளிநாட்டில இருந்து வந்து, பூட்டியிருந்த வீட்டைத் திறந்தம். உள்ள கால் வச்ச உடன முழங்காலுக்குக் கீழ தெள்ளு மொய்ச்சிட்டுது. மனிசரே இல்லாத வீட்டில எதைக் குடிச்சு உயிரோட இருந்தது?

உயிரியல் சேர்
பூனை ஏதும் உள்ள குட்டி போட்டிருக்கும் தம்பி. தெள்ளின்ட முட்டை பூனையின்ட மயிரில ஒட்டாது, உதிர்ந்து நிலத்தில விழும். புழு ரத்தம் உறிஞ்சாது. தாய்த் தெள்ளு கழிச்ச காய்ஞ்ச ரத்தத் துணிக்கையைத்தான் தின்னும். தாய் தேவைக்கு மேல குடிச்சு அதை உதிர்த்திக்கொண்டே இருக்கும். பிறகு கூடு கட்டி உள்ள மாசக்கணக்கா ஒண்டும் சாப்பிடாமக் காத்திருக்கும். நிலம் அதிர்ந்து, சூடும் மூச்சுக் காற்றும் பட்டா அந்த நிமிசமே வெளியில வரும். நீங்க கதவைத் திறந்து நடந்ததுதான் அதுகளை எழுப்பினது.

கூட்டுக்குள்ள இருக்கிறதை மருந்து தொடாது. அதனால வீட்டை ஒருக்காக் கழுவிட்டு விட்டுடாதீங்க. நாளுக்கு நாள் கூட்டி, மூலை முடுக்கு, பலகை வெடிப்பெல்லாம் சவர்க்காரத் தண்ணியால கழுவுங்க. கூட்டின தூசை வெளியில கொண்டுபோய் எரியுங்க. வெளியில வந்தது ரத்தம் கிடைக்காட்டிக் கிட்டடியில செத்துப்போகும், நீங்க நடமாடுறது மிச்சம் இருக்கிறதையும் வெளியில எடுக்கும். பூனை திரும்ப வந்தா மிருக வைத்தியரிட்டக் காட்டி மருந்து விடுங்க. நாய்க்கு விடுற பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு விட்டுடாதீங்க, செத்துப்போகும்.